ஆல்கலைன் பாஸ்படேஸ்: ரிப்போர்ட்டில் ஒரே எண், உடம்பில் நான்கு மரபணு

சொந்தபந்தத்தில் யார் ரத்தம் கொடுத்தாலும் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். உயிர்வேதியியல் படித்ததற்கான தண்டனை இது. கல்லீரல் சோதனை வரிகளில் பிலிருபின் சரியாக இருக்கும், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி சரியாக இருக்கும். அடுத்து ஆல்கலைன் பாஸ்படேஸ், சுருக்கமாக ஏஎல்பி, என்று ஒரு வரி, அது மட்டும் தடித்த எழுத்தில். "கல்லீரல் கெட்டுப்போச்சா?" என்ற கேள்வி உடனே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய், கேட்டவற்றையும் சொன்னவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஏஎல்பி என்பது என்ன? என்ன வேலை செய்கிறது?

அது ஒரு நொதி. மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். காரத்தன்மை மிகுந்த சூழலில், பிஎச் 10 வாக்கில், மிகச் சுறுசுறுப்பாக இருப்பதால் பெயரில் 'ஆல்கலைன்' வந்து சேர்ந்தது. துத்தநாகமும் மக்னீசியமும் கூட இருந்தால்தான் இயங்கும்.

ஆய்வகத்தில் அதை அளப்பது எளிது. பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமில்லாத பொருளோடு ரத்தத்தின் சீரத்தை, அதாவது செல்கள் நீங்கிய தெளிந்த நீரை, கலப்பார்கள். பாஸ்பேட் கழன்றால் கரைசல் மஞ்சளாகும். எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறது என்பதைத்தான் எண்ணாக அச்சிட்டுத் தருகிறார்கள். கருவிக்குத் தெரிவது மஞ்சள் மட்டுமே. பாஸ்பேட்டைக் கழற்றிய நொதி எலும்பிலிருந்து வந்ததா, கல்லீரலிலிருந்து வந்ததா, குடலிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த உறுப்பில் எந்த மரபணு?

மனிதரிடம் இந்த நொதிக்கு நான்கு மரபணுக்கள் உள்ளன. 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருப்பது ஏஎல்பிஎல். எலும்பு, கல்லீரல், சிறுநீரகம், வெள்ளை அணுக்கள், மூளை என்று பல இடங்களில் வேலை செய்வது இதுதான். ஓர் உறுப்புக்கென்று இல்லாததால் 'திசு சாராத' வகை என்று இதைச் சொல்வார்கள்.

மற்ற மூன்றும் 2ஆம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனிப்பக்கம் வரிசையாக நிற்கின்றன: குடலுக்கு ஏஎல்பிஐ, நஞ்சுக்கொடிக்கு ஏஎல்பிபி, விந்தகம் முதலியவற்றின் கருவுயிர் அணுக்களுக்கு (விந்தும் முட்டையும் உருவாகும் அணுக்கள்) ஏஎல்பிஜி. ஒரு பழைய மரபணு பிரதியெடுக்கப்பட்டு, அந்தப் பிரதி மறுபடி பிரதியெடுக்கப்பட்டு உருவான குடும்பம் இது. நஞ்சுக்கொடிப் புரதமும் கருவுயிர் அணுப் புரதமும் ஏறக்குறைய 98 விழுக்காடு ஒன்றுபோலவே இருக்கும். ஏஎல்பிஎல் தூரத்துச் சொந்தம். மற்றவற்றோடு அது ஒத்துப்போவது பாதி சொச்சம்தான். அளவிலும் வித்தியாசம் உண்டு. ஏஎல்பிஎல் 50 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகளைத் தாண்டும், மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் 5 ஆயிரத்தை ஒட்டித்தான்.

எலும்புக்கும் கல்லீரலுக்கும் ஒரே மரபணு என்றால், இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனை எப்படிச் சாத்தியம்?

நல்ல கேள்வி, பாடம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். மரபணு ஒன்று, புரதத்தின் அமினோ அமில வரிசையும் ஒன்றுதான். புரதம் தயாரான பிறகு செல் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டுகிறது, அந்த ஒட்டுவேலை எலும்பில் ஒரு மாதிரி, கல்லீரலில் வேறு மாதிரி. இட்லி ஒரே மாவில் வெந்ததுதான், ஒரு வீட்டில் பொடி தடவுகிறார்கள், இன்னொரு வீட்டில் சாம்பார் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சர்க்கரை வேறுபாட்டால் மின்புலத்தில் ஓடும் தூரமும் சூடு தாங்கும் சக்தியும் மாறுகின்றன. சீரத்தை 56 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் எலும்பு வகை பெரும்பாலும் செயலிழந்துவிடும், கல்லீரல் வகை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். நஞ்சுக்கொடி வகை 65 டிகிரியிலும் அசராது. ஆனால் அதன் உறுதி சர்க்கரையால் வந்ததல்ல, அந்தப் புரதமே வேறு.

இன்னொன்றும் உண்டு. ஏஎல்பிஎல் மரபணுவுக்கு வாசல் இரண்டு. எலும்பு செல்கள் ஒரு தொடக்கப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குகின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் வேறொன்றிலிருந்து. புரதத்தில் மாற்றம் வராது, எப்போது எவ்வளவு செய்வது என்ற கட்டுப்பாடு மட்டும் உறுப்புக்கு உறுப்பு மாறும்.

சரி, எண் கூடியிருந்தால் கல்லீரல்தானே காரணம்?

பல நேரம் இல்லை. பெரியவர்களுக்குச் சுமார் 40 முதல் 130 வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் போடும். வளரும் பிள்ளைகளுக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருப்பது சாதாரணம், ஏனென்றால் எலும்பு கட்டும் செல்கள் முழுவேகத்தில் உழைக்கின்றன. 13 வயதுப் பையனின் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான வரம்பை அச்சடித்து, பக்கத்தில் 'அதிகம்' என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத் தூக்கம் இழந்த பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் வயதுக்கேற்ற வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வைட்டமின் டி குறைந்தாலும், எலும்பு முறிந்து கூடிவரும்போதும் எண் ஏறும். கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சில சமயம் ஆயிரக்கணக்கில் எகிறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக இறங்கிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எலும்பிலும் கல்லீரலிலும் ஒரு கோளாறும் இருக்காது.

கல்லீரல் பக்கம் வந்தால், பித்தநீர்ப் பாதையில் கல்லோ வேறு அடைப்போ இருக்கும்போது ஏஎல்பி உயர்கிறது. அடைப்பினால் தேங்கிய நொதி பின்னோக்கி வழிந்து ரத்தத்துக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பித்தநீர் தேங்கும்போது கல்லீரல் செல்கள் இந்த நொதியைப் புதிதாக அதிகம் தயாரிக்கின்றன. மருத்துவர் கூடவே ஜிஜிடி என்ற இன்னொரு நொதியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலும்புக் கோளாறில் ஜிஜிடி உயராது. ஆகவே இரண்டும் கூடியிருந்தால் கல்லீரல் அல்லது பித்தப்பாதை. ஏஎல்பி மட்டும் கூடியிருந்தால் பார்வை எலும்பின் பக்கம் திரும்பும்.

கர்ப்பமாக இருக்கும்போது ஏன் கூடுகிறது?

கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி தன் ஏஎல்பியைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. குழந்தை பிறந்து சில வாரங்களில் எண் இறங்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நஞ்சுக்கொடியில் நொதியைச் செய்யும் செல்கள் தாயுடையவை அல்ல, குழந்தையுடையவை. குழந்தையின் ஏஎல்பிபி மரபணுவில் ஒரு பிரதி அப்பாவிடமிருந்து வந்தது. ஆக அந்தப் பெண்ணின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஓடும் நொதியில் ஒரு பங்கு, அவள் கணவனின் மரபணு சொல்லிச் செய்தது.

1960களில் லண்டனில் ஹாரி ஹாரிஸ் என்ற மரபியலாளர் பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடிகளைச் சேகரித்து அவற்றின் நொதியை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஆள் கோடுகள் இடம் மாறின. பரவலான வடிவங்கள் மூன்று, அரிதானவை ஏராளம். மனிதப் புரதங்களில் இத்தனை வேற்றுமை உள்ளவை அதிகம் இல்லை. அதே குடும்பத்தில் ஏஎல்பிஎல் இப்படி ஆளுக்கொரு வடிவம் எடுப்பதில்லை. ஏன் என்பது கீழே பரம்பரையைப் பற்றிய கேள்வியில் புரியும்.

சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் மாறுமா? ரத்த வகைக்கும் இதற்கும் தொடர்பு என்கிறார்களே?

இரண்டும் சேர்ந்த கதை அது. கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு குடலின் ஏஎல்பி கொஞ்சம் ரத்தத்துக்கு வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. ஓ அல்லது பி வகை ரத்தம் உள்ளவர்களில், அந்த ரத்த வகைப் பொருளை எச்சில் போன்ற சுரப்புகளிலும் வெளியிடுபவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்படி வரும். ஏ வகைக்காரர்களுக்கு மிகக் குறைவு.

யோசித்துப் பாருங்கள். நொதியைச் செய்யும் மரபணு 2ஆம் குரோமோசோமில், ரத்த வகையைத் தீர்மானிப்பது 9ஆம் குரோமோசோமில், சுரப்பில் வெளியிடுவதைத் தீர்மானிப்பது 19ஆம் குரோமோசோமில். நெய் மணக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுச் சோதனைக்குப் போனவரின் ரிப்போர்ட்டில் மூன்றும் கை வைக்கின்றன. எண் கொஞ்சமாகக் கூடியிருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

எண் குறைவாக இருந்தால் நல்லதுதானே?

இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். சர்க்கரை கூடினால் கெட்டது, கொலஸ்டிரால் கூடினால் கெட்டது என்று பழகிவிட்டதால், ஏஎல்பி 20 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குறைவதற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு: தைராய்டு குறைபாடு, துத்தநாகமோ மக்னீசியமோ போதாமை, சத்துக்குறைவு, எலும்பு தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள். ரத்தத்தைத் தவறான குழாயில் எடுத்தாலும் குறையும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இடிடிஏ, நொதிக்குத் தேவையான உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். இவை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தால் ஏஎல்பிஎல் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும்.

1923இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் ராபிசன் வளரும் எலும்பில் இந்த நொதி நிறைய இருப்பதைக் கண்டு, அது பாஸ்பேட்டை விடுவித்து எலும்பில் சுண்ணாம்பு படிய உதவுகிறது என்று சொன்னார். பாதி சரி. பைரோபாஸ்பேட் என்ற பொருள் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும். ஏஎல்பி அதை உடைத்தெறிவதால்தான் எலும்பு கெட்டியாகிறது என்பது பிறகுதான் தெளிவானது. நொதி இல்லையென்றால் பைரோபாஸ்பேட் சேர்ந்துகொண்டே போகும், எலும்பு மெத்தென்று நின்றுவிடும்.

1948இல் கனடாவின் டொரண்டோவில் ராத்பன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு கைக்குழந்தையைப் பார்த்தார். எலும்பு, வைட்டமின் டி குறைவால் மெத்தென்று வளையும் ரிக்கெட்ஸ் நோய் போல இருந்தது, வலிப்பு வந்தது, எடை ஏறவில்லை, கடைசியில் குழந்தை பிழைக்கவில்லை. ரிக்கெட்ஸ் என்றால் ஏஎல்பி கூடியிருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கோ மிகக் குறைவு. அவர் வைத்த பெயர் ஹைப்போபாஸ்படேசியா. வலிப்புக்கும் காரணம் அதே நொதிதான். வைட்டமின் பி6 மூளை செல்லுக்குள் போக வேண்டுமானால் அதிலுள்ள பாஸ்பேட்டை முதலில் ஏஎல்பி கழற்ற வேண்டும். கழற்ற ஆளில்லாமல் ரத்தத்தில் பி6 நிறைந்து கிடக்கும், மூளை அதற்காக ஏங்கும்.

எல்லோருக்கும் இவ்வளவு கடுமையாக வராது. பிறக்கும் முன்பே எலும்பு உருவாகாமல் போகும் வடிவத்திலிருந்து, பல் மட்டும் பாதிக்கப்படும் வடிவம் வரை உண்டு. பெற்றோர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அறிகுறி ஒன்று: 5 வயதுக்கு முன்பே பால் பல் வேரோடு முழுசாக விழுவது. சாதாரணமாகப் பால் பல்லின் வேர் கரைந்த பிறகுதான் பல் விழும். பெரியவர்களுக்கு என்றால், பாத எலும்பில் திரும்பத் திரும்ப வரும் விரிசல், தொடை எலும்பில் முறிவு. இதை எலும்பு தேய்மானம் என்று எண்ணி பிஸ்பாஸ்போனேட் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அந்த மருந்தின் அமைப்பே பைரோபாஸ்பேட்டைப் போன்றது. ஏற்கெனவே தேங்கிக் கிடப்பதோடு அதே சாயலில் இன்னொன்றைக் கொட்டுவது போல ஆகிவிடும்.

ஹைப்போபாஸ்படேசியா எப்படிப் பரம்பரையாக வருகிறது?

இரண்டு விதமாக. கடுமையான வடிவங்களில் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதி வந்திருக்கும். லேசான வடிவங்கள் ஒரே ஒரு பிழைப் பிரதியாலும் வரலாம். ஒரே நோய் ஏன் இரு வழியிலும் வருகிறது என்பதற்குக் காரணம் நொதியின் அமைப்பில் இருக்கிறது.

இந்த நொதி தனியாக வேலை செய்யாது. இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேர வேண்டும், வண்டியில் பூட்டிய இரட்டை மாடு போல. ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பிழை என்றால் உருவாகும் ஜோடிகளில் கால்பங்கு நல்லதும் நல்லதும், கால்பங்கு பிழையும் பிழையும், மீதி அரைப்பங்கு கலப்பு. சில பிழைகளில், நோஞ்சான் மாடு கூடப் பூட்டிய நல்ல மாட்டையும் படுக்க வைத்துவிடும். அப்போது வேலை நடப்பது வெறும் கால்பங்குதான். வேறு சில பிழைகளில் கெட்ட பிரதி மட்டும் ஒதுங்கிவிடும், நல்லது தன் பாட்டுக்கு ஓடும். அந்த ஆளுக்கு நோயே தெரியாது, எண் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். நஞ்சுக்கொடி வகை விதவிதமாக மாறினாலும் தாங்குகிறது. ஏஎல்பிஎல் வகையிலோ முக்கியமான இடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் எலும்பு, பல், மூளை மூன்றும் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

கனடாவின் மானிடோபாவில் மென்னனைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தில் சுமார் 25 பேரில் ஒருவர் இந்த நோயின் ஒரு பிழைப் பிரதியைச் சுமக்கிறார், சுமார் 2500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்குக் கடுமையான வடிவம் வருகிறது. சில முன்னோரிடமிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்துகொண்ட சமூகம் அது. ஜப்பானில் வேறொரு பிழை பரவலாக உள்ளது. ஓர் எழுத்து விடுபட்டுப்போன அதைச் சுமப்பவர்கள் சுமார் 480 பேரில் ஒருவர்.

நம் பக்கத்துச் சொந்தத்தில் மணம் முடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏதோ ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு, தாய்மாமன் மணத்தில் 8இல் 1, அத்தை மகன் மாமன் மகள் மணத்தில் 16இல் 1. குடும்பத்தில் பிழையே இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகாது. ஆனால் பிழை இருப்பது பெரும்பாலும் முதல் குழந்தை பாதிக்கப்பட்ட பிறகுதான் தெரியவருகிறது.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. அஸ்போடேஸ் ஆல்பா, 2015இல் அனுமதி பெற்றது, ஸ்ட்ரென்சிக் என்ற பெயரில் வருகிறது. ஆய்வகத்தில் செய்த அதே நொதிதான். ஆனால் வெறும் நொதியை ஏற்றினால் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், எலும்பில் தங்காது. அதனால் அதன் வாலில் பத்து அஸ்பார்டிக் அமிலங்களைக் கோத்துவிட்டார்கள், அந்த வால் எலும்பின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். தோலுக்கடியில் வாரத்தில் பல முறை ஊசி போட வேண்டும், விலையோ தலைசுற்ற வைக்கும். ஆனாலும் முன்பு பிழைக்காமல் போயிருக்கக்கூடிய குழந்தைகள் இதனால் பிழைத்து நடக்கிறார்கள்.

கல்லீரலும் எலும்பும் நன்றாக இருந்தும் குடும்பத்தில் பலருக்கு எண் கூடுதலாக இருக்கிறது. இதுவும் மரபணுவா?

இருக்கலாம். சில குடும்பங்களில் குடல் வகையோ வேறு வகையோ ரத்தத்தில் கூடுதலாகச் சுற்றும், தீங்கு எதுவும் இராது. தொந்தரவானது மேப்ரி நோய்க்குறி. ஏஎல்பி ஒரு கொழுப்புக் கொக்கியால் செல்லின் வெளிப்புறத்தில் தொங்குகிறது. கொக்கி செய்யும் மரபணுக்களில் பிழை வந்தால் நொதி பிடிமானம் இல்லாமல் ரத்தத்தில் கொட்டும். இதில் ஏஎல்பி மரபணுவில் ஒரு குறையும் இல்லை. அறிவு வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் சேர்ந்தே வருவதால், இதை ரிப்போர்ட்டைப் பார்த்து முதலில் கண்டுபிடிப்பது அபூர்வம்.

புற்றுநோயோடு தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பதற வேண்டாம். 1968இல் நுரையீரல் புற்றுநோய் வந்த ஓர் ஆணின் ரத்தத்தில் நஞ்சுக்கொடி வகை ஏஎல்பி இருப்பதைக் கண்டார்கள். ஆணுக்கு நஞ்சுக்கொடி ஏது? மூடி வைத்த மரபணுவைப் புற்று செல் திறந்துவிட்டிருந்தது. அந்த நோயாளியின் பெயராலேயே அது ரீகன் வகை எனப்படுகிறது. பொதுவான ஏஎல்பி எண்ணைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

மரபணுச் சோதனை செய்யச் சொன்னால் என்ன பார்ப்பார்கள்?

முதலில் ரத்தத்தில் பி6 அளவைப் பார்ப்பார்கள், ஹைப்போபாஸ்படேசியாவில் அது கூடியிருக்கும். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரையே எண்ணை ஏற்றிக் காட்டும். அப்புறம் ஏஎல்பிஎல் மரபணுவைப் படிப்பார்கள். இதுவரை 400க்கு மேற்பட்ட பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன.

ஒரே பிழையின் இடத்துக்கு இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புரதத்தின் முன்னால் இருந்து பிறகு வெட்டப்படும் 17 அமினோ அமிலங்களைப் பழைய கட்டுரைகள் கணக்கில் சேர்க்கவில்லை, இப்போது சேர்க்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலான ஒரு பிழை பழைய ஏட்டில் 174, புது ஏட்டில் 191. இரண்டும் ஒன்றேதான்.

பால் பண்ணையிலும் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேனே?

பசும்பாலிலும் ஏஎல்பி உண்டு. பாஸ்சரைஸ் செய்யும் சூட்டில், அதாவது 72 டிகிரியில் 15 விநாடியில், அது செயலிழந்துவிடும். அந்தச் சூடு பாலில் உள்ள கெட்ட கிருமிகளையும் கொன்றிருக்கும். அதனால் பால் சரியாகச் சூடாகியிருக்கிறதா என்று பார்க்க இதே மஞ்சள் நிறச் சோதனையைச் செய்யலாம். பாஸ்சரைஸ் செய்ததாகச் சொல்லும் பாலில் மஞ்சள் தெரிந்தால், பால் போதுமான சூட்டைப் பார்க்கவில்லை அல்லது பச்சைப் பால் கலந்துவிட்டது என்று அர்த்தம்.